சிவப்பு மையில் அடித்த இரண்டு நாள்

ஜனவரி 27, திங்கள்

கூலி மட்டும் இருபத்து நாலாயிரத்து ஐம்பது ரூபாய்.

கூலி மட்டும்! டைல்ஸ், சிமெண்ட், மணல், கமோடு, குழாய் ஒன்றும் இதில் சேர்த்தி இல்லை. ஐந்துக்கு ஏழு அடி குளியலறை அது. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். அதை இடித்துக் கட்டப் பதினோரு நாள் ஆகும் என்று முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொல்கிறான் மேஸ்திரி திருமூர்த்தி. நாளுக்கு அவனுக்கு ஆயிரத்து இருநூறு, கூட வரும் சித்தாளுக்கு எழுநூற்றைம்பது. பிளம்பர் இரண்டு நாள் வருவானாம், அவனுக்கு ஆயிரத்து முந்நூறு வீதம். கேட்டதும் எனக்குக் காது அடைத்துவிட்டது.

"பகல் கொள்ளையா இருக்குதே" என்றேன்.

"இப்ப ரேட்டே அதானுங் சார். நாலு பக்கம் விசாரிச்சுப் பாருங்க" என்றான். எங்கள் ஊர்க்காரர்கள் வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க' போட்டு மரியாதையாகத்தான் கழுத்தை அறுப்பார்கள்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. முப்பத்து நாலு வருடம் மில்லில் டைம் ஆபீஸ் பார்த்தவன். பத்து நிமிடம் தாமதமாக வந்தால் கால் நாள், அரை மணி என்றால் அரை நாள் என்று மஸ்டர் என்கிற வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்து, பக்கத்திலேயே 'ரா.ஆ.' என்று சுருக்கொப்பம் போட்டவன். ரா. ஆறுச்சாமி அடித்தால் அதைத் திருத்த மேனேஜருக்கும் தைரியம் வராது. நகைக்கடையில் கொடுத்த டயரி சும்மா கிடக்கிறது. வேலை முடிகிறவரை இவர்கள் வருகிற நேரம், போகிற நேரம், டீ குடிக்கிற நேரம் எல்லாம் இதில் ஏறும்.

இந்தச் செலவே தேவையில்லாதது. டிசம்பர் 12-ஆம் தேதி காலையில் என் மனைவி துளசிமணி அந்தக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். காரணம் சோப்பு. ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோதும் நான்தான் சொன்னேன், சோப்பு என்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்த பிறகு மகள் கோகிலா அம்மாவை நேராகத் திருப்பூருக்கு, தன் வீட்டுக்கு, கூட்டிக்கொண்டு போய்விட்டாள். குளியலறையைச் சரி செய்தால்தான் அம்மாவைத் திருப்பி அனுப்புவாளாம். வெஸ்டர்ன் கமோடு, சுவரில் கைப்பிடி, வழுக்காத தரை, தண்ணீர் நிற்கக் கூடாது என்று நாலு நிபந்தனை.

"இன்னொருக்கா விழுந்தா அம்மா எந்திரிக்கவே மாட்டாங்கன்னு டாக்டர் சொல்லீருக்காருப்பா. கூலியில கை வெச்சிறாதீங்க" என்றாள் போனில். பெற்ற அப்பனிடம் பேசுகிற பேச்சா இது?

பிப்ரவரி 23 ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருவதாகப் பேச்சு.

ஜனவரி 28, செவ்வாய்

காலையில் அவன் எழுதிக் கொடுத்த காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடிக்க இரண்டு நாள், சரி. குழாய் பதித்துச் சுவர் பூச இரண்டு நாள், சரி. சுவர் டைல்ஸ் மூன்று நாள், தரை டைல்ஸ் ஒரு நாள், கமோடு மாட்ட ஒரு நாள். தொலையட்டும்.

நடுவில் ஒன்று எழுதியிருந்தான் பாருங்கள்: 'வாட்டம் – 2 நாள்'. வாட்டம் என்றால் தரையில் ஊற்றுகிற தண்ணீர் ஓட்டையைப் பார்த்து ஓடுவதற்குக் கொடுக்கிற சரிவு. அதற்குத் தனியாக இரண்டு நாளா?

கூப்பிட்டுக் கேட்டேன். "தண்ணி போற ஓட்டை ஒசரத்துல இருக்குதுங் சார். அதெ ஒடச்சு எறக்கோணும். அப்புறம் வாட்டம் பாத்துத் தரையக் கெட்டி பண்ணி, தண்ணி ஊத்திப் பாத்து, சரியா இருந்தாத்தானுங்க டைல்ஸு போட முடியும்" என்றான்.

"டைல்ஸ் போடறப்பவே அப்படியே சரிச்சுப் போட வேண்டியதுதானே? அதுக்கெதுக்கு தனியா ரெண்டு நாள்?"

"ஓட்டைய எறக்காம எவ்வளவுங்க சரிக்க முடியும்?"

யாருக்குக் காதில் பூச் சுற்றுகிறான்? மில்லில் இதைத்தான் 'மெஷின் செட்டிங்' என்பார்கள். வேலை ஒன்றும் நடக்காது, ஆனால் மஸ்டரில் ஆள் இருப்பான். சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். ரா.ஆ. மூவாயிரத்துத் தொள்ளாயிரம் மிச்சம். மொத்தம் இருபதாயிரத்து நூற்றைம்பது.

காகிதத்தை வாங்கி அவன் சிவப்புக் கோட்டைப் பார்த்தான். "நீங்க சொன்னாச் சரிங்க. பின்னால என்ற மேல வருத்தப்படக் கூடாதுங்" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

டீ நான் வாங்கித் தர வேண்டுமாம். டீ சரி. வடை கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

ஒன்பது மணி என்று சொன்னவர்கள் ஒன்பது நாற்பதுக்கு வந்தார்கள். டீ பதினொன்று முதல் பதினொன்று இருபத்தைந்து வரை. மதியச் சாப்பாடு ஒன்றே கால் மணி நேரம். மில்லாக இருந்தால் இன்றைக்கு இரண்டு பேருக்கும் அரை நாள் போயிருக்கும்.

சித்தாள் பெயர் வசந்தாமணி. நாற்பது வயதிருக்கும். இடித்துப் போட்டதை அள்ளிக்கொண்டு போய் வாசலில் கொட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கு எழுநூற்றைம்பது. இதை நானே செய்துகொள்கிறேன், நாளைக்கு சித்தாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். திருமூர்த்திதான் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

பால்காரன் இன்றைக்கும் இரண்டு பாக்கெட் போட்டிருக்கிறான். ஒருத்தனுக்கு எதற்கு இரண்டு? அவனிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆறு கூடை சுமந்தேன். ஏழாவது கூடையில் முதுகு பிடித்துக்கொண்டது. பத்தரை மணிக்கு திருமூர்த்தி போன் போட்டு வசந்தாமணியை வரச் சொன்னான். பத்தரைக்கு வந்தவளுக்கு முழு நாள் கூலி! கேட்டால், "ஒடம்புக்கு முடியாதவிங்க கூப்புட்டீங்கன்னுதான் வந்தேனுங்கய்யா. இன்னொரு வேலைக்குக் கிளம்பிட்டிருந்தேன்" என்கிறாள். தைலம் வாங்கிய செலவு வேறு.

குளியலறைக்கு மேலே இருக்கும் பரணைக் காலி செய்யச் சொன்னேன். அவள் அதிலிருந்து வைப்பர்களாக எடுத்துக் கீழே போட்டாள். தரையில் தண்ணீர் தள்ளுகிற வைப்பர். ஒன்றில் ரப்பர் பாதி தேய்ந்திருக்கிறது, ஒன்றில் ரப்பரே இல்லை, ஒன்று கைப்பிடி முறிந்தது. மொத்தம் பதினொன்று. துளசிமணி எதையும் தூக்கிப் போட மாட்டாள். பழைய பிளாஸ்டிக்காரனுக்குப் போட்டால் பத்து ரூபாய் வந்திருக்கும், அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"ஏனுங்கய்யா, இத்தனையும் இந்த பாத்ரூமுக்கா வாங்குனீங்க?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"வேறெதுக்கு?"

"இங்க பாருங்க. குழாய்க்கு அடியில மண்ணு வரைக்கும் கறுத்துக் கெடக்குது. தண்ணி எந்நேரமும் நின்னிருக்குதுங்க." கடப்பாரை முனையால் பெயர்த்துக் காட்டினாள். சேற்று நாற்றம் அடித்தது.

குளியலறையில் தண்ணீர் நிற்காமல் வேறு என்ன நிற்கும்? அவள் விழுந்தது தண்ணீரில் இல்லை, சோப்பில். சோப்புப் பெட்டியை மூட மாட்டாள். இதையெல்லாம் ஒரு சித்தாளிடம் விளக்கிக்கொண்டிருக்க எனக்கென்ன தலையெழுத்து?

பிப்ரவரி 6, வியாழன்

பிளம்பர் பாதி நேரம் போனில். முழு நாள் கூலி.

பிப்ரவரி 8, சனி

சுவர் டைல்ஸ் இரண்டு நாள் முடிந்தது. இன்று சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டு திருமூர்த்தி சொல்கிறான், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறானாம். வியாழக்கிழமைதான் வருவானாம். மூன்று வேலை நாள் காலி!

"முன்னாலயே சொல்றதுக்கென்ன?"

"வருசா வருசம் நடக்கறதுதானுங் சார். எல்லாருக்கும் தெரியுமுங்க."

முருகனிடம் போய்ச் சண்டை போட முடியுமா? மஸ்டரில் மூன்று நாளும் 'வரவில்லை' என்று எழுதி வைத்தேன். ஆனால் அடிப்பதற்கு அதில் கூலி இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

கொல்லைக் கழிப்பறைக்கு வெளியே திறந்தவெளியில்தான் எனக்கு ஒரு வாரமாகக் குளியல். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து எல்லாம் தெரியும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பூசம். திருப்பூர் போய்த் துளசிமணியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலில் இருந்து சமையலறை வாசல் வரை நடந்து காட்டினாள். அரையடி அரையடியாக. இளைத்திருக்கிறாள். கோகிலா நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பேரப்பிள்ளைகள் டிவியை அலற விடுகிறார்கள். அவளுக்கு மத்தியானம் கொஞ்சம் தூங்க வேண்டும்.

உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க, அந்த ஓட்டைய எறக்கீட்டாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த ஓட்டை?"

"தண்ணி போற ஓட்டைதானுங்க. நல்லா வாட்டம் பாத்துப் போடச் சொல்லுங்க."

நிற்க முடியாதவள், வாக்கரில் தொங்குகிறவள், எனக்கு வாட்டம் சொல்லிக் கொடுக்கிறாள்! அந்த மேஸ்திரியும் இவளும் பேசி வைத்துக்கொண்டார்களா என்றே சந்தேகம் வந்தது. "அதெல்லாம் நடக்குது, நீ ஒடம்பப் பாத்துக்கோ" என்றேன்.

"கொல்லையில குளிக்கறப்ப ஒரு கொடி கட்டித் துண்டு போட்டுக்குங்க, மறைவா இருக்கும்" என்றாள். நான் கொல்லையில் குளிப்பதை அவளிடம் யார் சொன்னது?

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடமில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

தரை டைல்ஸ் போட்டாகிவிட்டது. சொரசொரப்பான சாம்பல் நிறம். வசந்தாமணி இரண்டு தடவை திருமூர்த்தியின் காதில் ஏதோ சொன்னாள். "சார் வேண்டாம்னுட்டாரு, நீ கலவையக் கொண்டா" என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது. நானும் கேட்காதது போல் இருந்தேன்.

பிப்ரவரி 15, சனி

கமோடு மாட்டியாயிற்று. கைப்பிடி மாட்டியாயிற்று. பளபளவென்று இருக்கிறது. ஒன்பது நாளில் முடிந்த வேலைக்குப் பதினோரு நாள் கேட்டானே! டைல்ஸ் இறுக வேண்டும், திங்கட்கிழமை வரை உள்ளே தண்ணீர் விடக் கூடாதாம். கடைசி மூன்று நாள் கூலியைத் திங்கட்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கோகிலாவுக்கு போன் செய்து, எல்லாம் தயார், 23-ஆம் தேதி கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ஆத்திரத்தில் எழுத்துக் கோணல்மாணலாக வருகிறது.

காலையில் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். பாதித் தண்ணீர் ஓட்டைக்குப் போயிற்று. மீதி குழாய்க்கு அடியிலும் கமோடைச் சுற்றியும் குளமாக நின்றது. ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன், அப்படியே நிற்கிறது. கமோடுக்குப் போக வேண்டும் என்றால் துளசிமணி அதில்தான் வாக்கரை ஊன்ற வேண்டும்.

திருமூர்த்தி கூலி வாங்க வந்தான். வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன். வேலை தெரியாதவன், ஏமாற்றுக்காரன், சாமிக்கு மாலை போட்டுக்கொண்டு ஊரை அடித்து உலையில் போடுகிறவன் என்றெல்லாம் வாயில் வந்தபடி கேட்டேன். ஒரு பைசா தர மாட்டேன் என்றேன்.

அவன் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து விரித்து என் கையில் கொடுத்தான். 'வாட்டம் – 2 நாள்'. மேலே சிவப்புக் கோடு. பக்கத்தில் ரா.ஆ.

"இது உங்க கையெழுத்துதானுங்களே சார்?"

"அப்ப டைல்ஸ் போடும்போது சொல்லறதுக்கென்ன கேடு?"

"மொதல் நாளே சொன்னேனுங்க. வசந்தாமணி ஒடைக்கறப்பச் சொல்லுச்சுங்க. இன்னும் யாருங்க சொல்லோணும்?" கரண்டி, மட்டக்கோல் எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டான். "கூலி உங்ககிட்டயே இருக்கட்டுங். அம்மாவ மட்டும் இந்தத் தரையில நடக்க உட்றாதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

திமிரைப் பாருங்கள்! எனக்குத் தரை சொல்லித் தருகிறான். பத்தொன்பது வருடமாக அதே இடத்தில் அதே குளியலறை இருந்தது. அதில் யார் விழுந்தார்கள்? சோப்பு இல்லாவிட்டால் துளசிமணியும் விழுந்திருக்க மாட்டாள். அந்தக் காலத்தில் மாரப்பன் என்று ஒரு மேஸ்திரி கட்டினான். வாட்டத்துக்குத் தனியாகக் கூலி, அது இது என்று ஒன்றும் கிடையாது. வீடு கட்டிய கணக்கு நோட்டு பீரோவில் எங்கேயோ இருக்கிறது. நாளைக்கு அதை எடுத்துக்கொண்டு போய் இவன் மூஞ்சிக்கு நேரே விரித்துக் காட்டவில்லை என்றால் என் பேர் ஆறுச்சாமி இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

நோட்டு கிடைத்தது.

2006, ஜூன் 9. என் கையெழுத்துதான்: 'மாரப்பன் குளியலறை வாட்டத்துக்குத் தனியாக ஒரு நாள் கேட்கிறான். கொத்தனார் 250, சித்தாள் 120. தேவையில்லை. மிச்சம் ரூ. 370.' வரி மேல் சிவப்பு மையில் கோடு. ரா.ஆ.

இன்றைக்கு வேறு எதுவும் எழுதவில்லை.

பிப்ரவரி 19, புதன்

காலையில் மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. சௌரிபாளையத்தில் ஒரு அபார்ட்மெண்டில் வேலை என்று பிளம்பர் சொன்னான். பஸ் பிடித்துப் போனேன்.

சாப்பாட்டு நேரம். மணல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருமூர்த்தியும் வசந்தாமணியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்தார். எழுந்திருக்க வேண்டாம் என்றேன். வசந்தாமணி ஒரு சிமெண்ட் சாக்கைத் தட்டிப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

பாக்கி மூன்று நாள் கூலியை எடுத்து இரண்டு பேர் முன்னாலும் தனித்தனியாக வைத்தேன். எண்ணிப் பார்க்கச் சொன்னேன். அவர் எண்ணாமலே எடுத்துப் பையில் வைத்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. எண்ணி வாங்குவதுதான் முறை.

"திருப்பிப் போடறதுக்கு எவ்வளவு ஆகும்னு எழுதுங்க" என்றேன்.

கையைக் கழுவிவிட்டு வந்து எழுதினார். கமோடைக் கழற்றி, புதுத் தரையை உடைத்து, ஓட்டையை இறக்க ஒரு நாள். வாட்டத்துக்கு இரண்டு நாள். டைல்ஸ் ஒரு நாள். பிளம்பர் ஒரு நாள். ஒன்பதாயிரத்து நூறு. டைல்ஸ் விலை தனி.

மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தை மிச்சம் பிடித்ததற்கு ஒன்பதாயிரத்து நூறு! மில்லில் இந்தக் காரியத்தை வேறு எவனாவது செய்திருந்தால் அவனை நான் சும்மா விட்டிருப்பேனா? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் காத்திருந்தார். நான் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"அடிக்கலீங்களா சார்?"

"பேனா கொண்டாரல."

சிவப்புப் பேனா என் சட்டைப் பையில் நட்டமாக நின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். வசந்தாமணியும் பார்த்தாள். சிரிக்கவில்லை, நல்ல மனிதர்கள்.

"நாளைக்கே வந்தர்றேனுங்க" என்றார்.

பிப்ரவரி 20, வியாழன்

ஆறு நாளைக்கு முன்னால் கூலி கொடுத்துப் போட்ட தரையை இன்றைக்குக் கூலி கொடுத்து உடைத்தேன். ஒவ்வொரு அடியும் என் மண்டையில் விழுந்த மாதிரி இருந்தது. எட்டு ஐம்பத்தைந்துக்கே வந்துவிட்டார்கள். எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 22, சனி

வாட்டத்துக்கு இரண்டாவது நாள். நேற்றுப் போட்ட தரையில் திருமூர்த்தி ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். ஓடியது. கதவோரம் மட்டும் கையகலம் தண்ணீர் நின்றது. வசந்தாமணி குனிந்து பார்த்துவிட்டு, "இங்க ஒரு நூலு பள்ளமுங்க" என்றாள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கான அந்த ஒரு நூலைச் சரி செய்ய ஒரு மணி நேரம் ஆயிற்று. மறுபடி ஊற்றினார், மறுபடி சரி செய்தார். மதியம் மூன்று மணி வரை இதுதான் வேலை. இரண்டு நாள் எதற்கு என்று ஜனவரியில் கேட்டேனே, இதற்குத்தான்.

அதற்குள் கோகிலா போன். "நாளைக்கு எத்தன மணிக்கு வரட்டுமுங்கப்பா?"

"அடுத்த ஞாயித்துக்கெழம வாம்மா. இன்னும் முடியல. மேஸ்திரி தாமதம் பண்ணீட்டாரு" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் திருமூர்த்தி உள்ளே உட்கார்ந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கேட்டிருக்கும். கேட்காமல் எப்படி இருக்கும், நடுவில் கதவுகூட இல்லை. நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்கு மணி டீக்கு நானே போய் வடை வாங்கி வந்தேன். அவர் சாப்பிட்டார். அறுபத்து மூன்று வயதில் ஒரு பொய்யை வடையால் மூடுகிற நிலைமைக்கு வந்திருக்கிறேன். தூ!

பிப்ரவரி 25, செவ்வாய்

கமோடு மீண்டும் மாட்டியாயிற்று. முழுக் கூலியும் கொடுத்தாயிற்று. இந்த முறை எண்ணி வாங்கினார்.

மார்ச் 2, ஞாயிறு

பதினொரு மணிக்குக் கார் வந்தது. கோகிலா ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, துளசிமணி வாசல்படி ஏறினாள். உட்காரக்கூட இல்லை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு நேராகக் குளியலறைக்குத்தான் போனாள். மகளும் மருமகனும் சாமான்களை இறக்கப் போய்விட்டார்கள். நான் பின்னாலேயே போய் நின்றேன்.

ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாளியிலிருந்து ஒரு மக்குத் தண்ணீரை எடுத்துக் குழாய்க்கு அடியில் ஊற்றினாள். தண்ணீர் சரசரவென்று ஓடி ஓட்டைக்குள் இறங்கியது. இன்னொரு மக்கு ஊற்றினாள். அதுவும் போயிற்று. மூன்றாவது மக்கு.

"எல்லாமே போயிருதுங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆயிற்று. பிறகு கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "வைப்பரு எங்கீங்க?"

"இனிமே அது வேண்டாம்."

"வேண்டாமுங்களா?" என்று மறுபடி தரையைப் பார்த்தாள்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ தெரியவில்லை. "பத்தொம்பது வருசம் தண்ணி நின்னுச்சுன்னா ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினேன். வந்த நாளும் அதுவுமாக.

அவள் கோபப்படவில்லை. "சொன்னனுங்க. வீட்டுக்கு வந்த மொத வாரமே சொன்னேன். மறுபடி ரெண்டு தடவ சொன்னேன். மூணாவது தடவ சொன்னதுக்கு நீங்க ஒரு வைப்பரு வாங்கீட்டு வந்து குடுத்தீங்க."

வாங்கிக் கொடுத்தேன். நினைவிருக்கிறது. பச்சை நிறக் கைப்பிடி.

"நீங்க குளிச்சுட்டு வந்தொடனே தள்ளுவேன், நாங் குளிச்சுட்டுத் தள்ளுவேன். ரப்பரு தேஞ்சா புதுசு" என்றாள். புகாராகச் சொல்லவில்லை. காலையில் பால் வாங்குவேன் என்பது போலத்தான் சொன்னாள்.

கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கேட்டுவிட்டேன். "அன்னிக்கு?"

"அன்னிக்கும் அதேதானுங்க. நீங்க குளிச்சுட்டுப் பேப்பரு எடுத்துட்டு ஒக்காந்தீங்க. தண்ணி நின்னுச்சு. தள்ளீட்டிருந்தேன், வைப்பரு வழுக்கீருச்சு."

"அப்ப சோப்பு?"

"சோப்பெல்லாம் இல்லீங்க. நீங்க டாக்டருகிட்டச் சொல்லீட்டீங்க, அப்புறம் அத்தன பேரு முன்னால நான் எதுக்குங்க மாத்திச் சொல்லோணும்?"

கோகிலா காபி போடட்டுமா என்று சமையலறையிலிருந்து கேட்டாள். பால் இரண்டு பாக்கெட் இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டாள்.

துளசிமணி சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்குகிறாள். மகளும் மருமகனும் கிளம்பிவிட்டார்கள். நான் இந்த டயரியை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அவள் விழுந்ததற்குச் சோப்புதான் காரணம் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். ஜனவரி 27, பிப்ரவரி 4, பிப்ரவரி 17.

சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று இடத்திலும் 'சோப்பு' என்பதை அடித்தேன். மேலே, 'நான் குளித்த தண்ணீர்' என்று எழுதினேன். பக்கத்தில் ரா.ஆ. என்று சுருக்கொப்பம் போட்டேன்.